இரைச்சலான இடங்களில் கிட்டாருடன் பாடுபவரின் குரல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

உணவகத்திலோ திருமண வரவேற்பிலோ அக்கூஸ்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாளாகப் பாடுபவர்கள், குரலில் தொல்லை வந்தால் அதற்கான காரணத்தைத் தொண்டையிலேயே தேடுகிறார்கள். வீட்டில் இரண்டு மணி நேரம் பாடினாலும் களைக்காத குரல் கடையில் முக்கால் மணி நேரத்தில் கம்மிவிடுகிறது என்றால், பாடுபவரின் குரல் அவர் காதிலேயே போதிய அளவு விழவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள் என்பதைப் பிரெஞ்சுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் எழுதினார். அவர் பெயராலேயே அது லொம்பார்ட் விளைவு எனப்படுகிறது. இது அனிச்சையாக நடப்பது. பயிற்சியால் ஓரளவு அடக்கலாமே தவிர, கிட்டார் வாசித்து, வரிகளை நினைவில் வைத்து, கூட்டத்தையும் கவனித்துக்கொண்டு முழு நிகழ்ச்சிக்கும் அடக்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. எனவே "கத்தாமல் பாடு" என்னும் அறிவுரையால் பெரிய பயன் இல்லை.

கீழே வரும் அறிகுறிகளில் எதுவானாலும் தேட வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் காது, அடுத்து கிட்டார், கடைசியில் தொண்டை. முதலில் சொல்லப்போகும் ஒரே அறிகுறிக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போய்விடுகிறது

உச்ச ஸ்தாயியில் ஓர் அழுத்தமான சொல்லையோ நடுவில் வந்த ஒரு பலத்த இருமலையோ அடுத்து, குரல் திடீரென்று உடைந்து கரகரத்தாலோ மேல் சுரங்கள் அடியோடு மறைந்தாலோ, அந்தப் பாடலை முடிக்க முயல வேண்டாம். குரல் நாணில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். இதில் வலி இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வலிக்கவில்லையே என்று தொடர்ந்து பாடுவதுதான் பேராபத்து. கிட்டாரை மட்டும் வாசித்து நேரத்தை நிரப்பிவிட்டு, பேச்சையும் நிறுத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூடிய விரைவில் குரல்வளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிசுகிசுத்துப் பேசுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அழுத்திக் கிசுகிசுக்கும்போது குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன. வலி நிவாரணி என்று ஆஸ்பிரினையோ ஐபுப்ரோஃபெனையோ தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை. வேறு நோய்க்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிட்டு வருபவர்கள் அதைத் தாமே நிறுத்தவும் கூடாது. கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

திடீரென்று போகாமல் மெல்ல மெல்லக் கம்மி, ஓய்வெடுத்தும் தெளியாத குரலுக்கும் ஒரு கெடு உண்டு. நான்கு வாரத்தில் குரல் தெளியாவிட்டால் குரல்வளையைப் பார்க்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல். குரலை நம்பிப் பிழைப்பவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதுவே சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருப்பது பாடகருக்கு அழகல்ல என்பது என் கருத்து.

மூன்று நான்கு பாடல்களுக்குள் கத்துவது போன்ற உணர்வு வருகிறது

பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இதுதான். முதலில் ஒரு சோதனை: பாடிக்கொண்டிருக்கும்போதே, கிட்டார் இடைவெளி விடும் வரியில் ஒரு காதை விரலால் அடைத்துப் பாருங்கள். அடைத்த காதுக்கு எலும்பு வழியாகக் குரல் தெளிவாகக் கேட்கும். அந்த நொடியே குரல் தானாகத் தணிந்தால், நீங்கள் கூட்டத்துக்காகக் கத்தவில்லை, உங்கள் காதுக்காகவே கத்திக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது சோதனைக்கு, கைப்பேசியைத் தொலைவில் உள்ள மேசையில் வைத்து ஒரு பாடலைப் பதிவு செய்யுங்கள். பதிவில் குரல் போதிய அளவு கேட்டால், கூட்டத்தை நோக்கிய ஒலிபெருக்கியைத் தொட வேண்டாம். உங்கள் பக்கம் வரும் ஒலியை மட்டும் சரிசெய்தால் போதும். பதிவிலும் குரல் அமுங்கியிருந்தால் இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

செலவில்லாத திருத்தம் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். பத்து சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்கு நெருங்கினால் மைக்குக்குள் போகும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுகிறது. அதே 6 டெசிபெல்லை ஆம்ப்ளிஃபையரிலிருந்து பெற வேண்டுமானால் 100 வாட்டுக்குப் பதில் 400 வாட் வேண்டும். கிட்டார் விரல்களைக் குனிந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு முறை குனியும்போதும் இந்த லாபத்தை இழக்கிறார்கள், இழந்ததைத் தொண்டையால் ஈடுகட்டுகிறார்கள். மைக்கை உதட்டருகே கொண்டுவந்தால் அடி ஒலி கனத்துக் குரல் மந்தமாகும் என்பது உண்மைதான். அதற்குத்தான் மிக்ஸரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, வெடித்து விழும் 'ப', 'ப்பா' ஒலிகளுக்காக மைக்கைச் சற்றே ஓரமாகத் திருப்பினால் போதும்.

அடுத்து மானிட்டர், அதாவது பாடுபவர் தன் ஒலியைத் தானே கேட்பதற்காக வைக்கும் ஒலிபெருக்கி. தனியாகப் பாடுபவர்கள் பலர் ஒரே ஒலிபெருக்கியைக் கூட்டத்தை நோக்கி வைத்துவிட்டு அதன் பின்னால் நிற்கிறார்கள். தாழ்ந்த ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும், சொற்களைத் தெளிவாக்கும் மேல் அலைவரிசைகளோ முன்பக்கமாகவே போகும். ஆகவே பின்னால் நிற்பவருக்குக் கிட்டாரின் கும்மென்ற ஒலி கேட்கிறது, தன் சொற்கள் கேட்பதில்லை. சிறிய ஒலிபெருக்கி ஒன்றைத் தரையில் சாய்த்துத் தன் முகத்தை நோக்கி வைத்து, அதில் குரலை மட்டும் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். அதில் கிட்டாரைச் சேர்க்க வேண்டியதில்லை. கிட்டார் உங்கள் மார்போடு ஒட்டித்தான் இருக்கிறது, உடம்பு வழியாகவே கேட்கும். மானிட்டரை எங்கே வைப்பது என்பதை மைக்கின் வகை முடிவு செய்யும். 1966இல் வந்து இன்றும் எல்லா மேடைகளிலும் கிடக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் தன் நேர்ப்பின்னால் வரும் ஒலியை மிகக் குறைவாக வாங்கும். எனவே மானிட்டர் மைக்கின் வால் பக்கம் நேராக இருக்கலாம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர்ப்பின் பக்கம் ஓரளவு காது உண்டு. முன்புறத்திலிருந்து ஏறக்குறைய 120 பாகையில், பின்பக்க ஓரத்தில்தான் அதற்குக் கேட்காது.

மானிட்டர் வைக்க இடமோ வசதியோ இல்லாத சிறு கடைகளில், இரைச்சல் வரும் பக்கத்துக் காதில் மட்டும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒன்றைச் செருகிக்கொள்வது நல்ல உபாயம். விரலால் செய்த சோதனையே இங்கு நிரந்தர ஏற்பாடாகிறது: ஒரு காதில் உங்கள் குரல், மறு காதில் சுருதிக்குக் கிட்டார். காதுக்குள் வைக்கும் இன்-இயர் மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் ஒரு பக்கத்தைக் கழற்றினால், மீதமுள்ள பக்கத்தின் ஒலியைத் தங்களையறியாமல் கூட்டிக்கொண்டே போவார்கள். குரலைக் காக்கப் போய்ச் செவியை இழப்பதாக முடியும்.

இவ்வளவும் செய்த பிறகும் கத்தும் உணர்வு மாறவில்லை என்றால் கிட்டாரைப் பாருங்கள். கை ஓங்கி ஸ்ட்ரம் செய்யும்போது குரல் மட்டும் தணிந்து நிற்காது. கையின் வேகம் தொண்டைக்குத் தொற்றிக்கொள்ளும். சரணங்களில் விரல்களால் மீட்டியும், பல்லவிக்கு மட்டும் ஸ்ட்ரம் செய்தும் பாருங்கள். மிக்ஸரில் கிட்டாரின் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மூன்று நான்கு டெசிபெல் குறைத்தால், பீசோ பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் உறுப்பின்) மூக்கொலி போன்ற கூர்மையும் அடங்கும், சொற்கள் விளங்க வேண்டிய இடமும் குரலுக்குக் கிடைக்கும். குரலைக் கூட்டுவதைவிடக் கிட்டாரைக் குறைப்பது எப்போதும் மலிவு. ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

ஒலியைக் கூட்டினால் ஊளையிடுகிறது, அதனால் குரலைத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது

ஊளையிடுவது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கிட்டாரின் வால்யூமை முழுதாகக் குறைத்ததும் ஊளை நின்றால் குற்றவாளி கிட்டார், நிற்காவிட்டால் மைக். 'ஊம்' என்று கனத்து எழும் ஒலியானால் கேட்டே சொல்லிவிடலாம்: பெரிய உடல் கொண்ட கிட்டாரின் உள்ளே உள்ள காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வது, ஒலிபெருக்கியிலிருந்து அதே அலைவரிசை வந்து மோதும்போது அது பாட ஆரம்பித்துவிடும். ஒலித்துளையை மூடும் ரப்பர் வட்டு இதற்கு மலிவான மருந்து. கிட்டாரின் ப்ரீஆம்ப்பில் (ஒலியைச் சரிசெய்யும் உள் பெட்டியில்) ஒலியலையைத் தலைகீழாக்கும் 'ஃபேஸ்' பொத்தான் இருந்தால் அழுத்திப் பார்க்கலாம், குறுகிய அலைவரிசை ஒன்றை மட்டும் வெட்டும் 'நாட்ச்' இருந்தால் ஊளை அடங்கும் இடம் வரை மெல்லத் திருப்பலாம். ஒலிபெருக்கியின் நேர் எதிரே கிட்டாரைத் திருப்பி நிற்காதிருப்பது இவை எல்லாவற்றுக்கும் முன்பே செய்ய வேண்டியது.

கூர்மையாக விசிலடித்தால் அது மைக். ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் இருந்தால் அது ஒலியைத் திருப்பி மைக்குக்கே அனுப்பும். திரைச்சீலை உள்ள பக்கத்துக்கு இடம் மாறக் கேட்பதில் தவறில்லை. ஒலிபெருக்கியை ஸ்டாண்டில் உயர்த்தி, உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலாக ஒலி போகும்படி வைத்தால், முன் மேசைக்காரர் காதைப் பொத்தாமலும் கடைசி மேசைக்குச் சொல் விளங்கும்படியும் ஒரே அளவில் வைக்கலாம். முன் மேசையிலிருந்து புகார் வந்து, மேலாளர் ஒலியைக் குறைக்கச் சொல்லி, அதன் பின் பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொள்வது உணவகங்களில் நடக்கும் வழக்கமான கதை. அதன் தொடக்கம் பெரும்பாலும் தாழ்வாக வைத்த ஒலிபெருக்கிதான்.

கீழே நன்றாக இருக்கிறது, மேலே போனால் பிசிறு தட்டுகிறது

மேல் சுரத்தில் நாண்கள் மெலிந்து நீண்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. கிட்டாரைச் சுருதி சேர்க்கப் பயன்படும் 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடினால் நொடிக்கு 440 மோதல். அந்த உயரத்தில் அழுத்தமும் சேரும்போது நாண்களின் ஓரம் வீங்குகிறது. வீங்கிய ஓரம் சரியாகச் சேராததால் காற்று கசிந்து பிசிறு தட்டுகிறது. வீக்கமா, வெறும் களைப்பா என்று அறிய, மேல் ஸ்தாயியில் ஒரு வரியை மிக மெதுவாக, முணுமுணுப்பு அளவில் பாடிப் பாருங்கள். உரக்கப் பாடினால் வருகிற சுரம் மெதுவாகப் பாடினால் வரவில்லை, அல்லது காற்றுக்குப் பின் தாமதித்து வருகிறது என்றால் அது வீக்கத்தின் குறி. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, உரக்கப் பாடினால் வருகிறதே என்று மேலும் உரக்கப் பாடுகிறார்கள்.

நிகழ்ச்சிக்கு நடுவில் இதைக் கண்டால் செய்யக்கூடியது சுருதியை இறக்குவதுதான். இரண்டு கட்டையில் பாடுவதை ஒன்றரைக்கோ ஒன்றுக்கோ இறக்கினால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கவ்வி) போட்டிருந்தால் ஓரிரு ஃப்ரெட் கீழே நகர்த்தினால் முடிந்தது. கேப்போ இல்லாமல் திறந்த தந்தி கார்டுகளில் வாசிக்கும் பாடல்களுக்காகவே, இரைச்சலான இடங்களுக்குப் போகும்போது ஆறு தந்திகளையும் அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நல்ல நாளில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் பழைய சுருதி கிடைத்துவிடுகிறது. திரைப்பாடல்களை மூலச் சுருதியிலேயே பாடியாக வேண்டும் என்னும் பிடிவாதத்துக்கு இங்கு இடமில்லை. அவை அமைதியான ஒலிப்பதிவுக் கூடத்தில், பிடிக்காத வரியைத் திரும்பப் பாடும் வசதியோடு பதிவானவை.

பாடல்களின் வரிசையும் உதவும். உச்சம் தொடும் பாடல்கள் மூன்றை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் மத்திய ஸ்தாயிப் பாடலையோ கிட்டார் மட்டும் ஒலிக்கும் ஒரு துண்டையோ செருகுங்கள்.

கழுத்தும் தாடையும் இறுகி வலிக்கின்றன

இதற்கு மைக் ஸ்டாண்டே பெரும்பாலும் காரணம். மைக் உயரமாக இருந்தால் மோவாய் மேலே போகும், தொலைவில் இருந்தால் கழுத்து முன்னே நீளும். இரண்டிலும் குரல்வளையைச் சுற்றிய தசைகள் இழுபடும். நேராக நின்று, கிட்டாரைப் பிடித்து, கண்ணை எதிரே வைத்துக்கொண்ட பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுவாருங்கள். வாயை மைக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். உட்கார்ந்து வாசிப்பவர்கள் கிட்டாரின் மேல் கவிழ்ந்து வயிற்றை மடக்கிக்கொள்வதால் மூச்சு மார்பு மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. உயரமான ஸ்டூலும் தோள் வாரும் இதைத் தீர்க்கும்.

பாடும்போது தொல்லையில்லை, முடிந்த பிறகு பேச்சு கம்முகிறது

பாட்டின் மேல் பழி போடும் முன், இடைவேளையில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். மேடையில் மைக் இருந்தது, மானிட்டர் இருந்தது. இறங்கி நண்பர்களின் மேசைக்குப் போனதும் இரண்டும் இல்லை. கடையோ பின்னணியில் பாட்டை அலறவிட்டிருக்கிறது. அந்த இருபது நிமிடப் பேச்சு, பாடிய ஒரு மணி நேரத்தைவிட அதிகம் வருத்தக்கூடும். பாடலுக்குப் பாடல் நடுவில் பேசும்போது மைக்கிலிருந்து விலகிப் பேசுவதும் இதே குற்றம். இடைவேளையில் வாசலுக்கோ படிக்கட்டுக்கோ போய்விடுங்கள்; பாராட்ட வருபவரையும் அங்கேயே அழைத்துப் பேசலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் குரலைத் தணிக்க ஐந்து நிமிடம் போதும். குறுகிய உறிஞ்சு குழல் ஒன்றை உதட்டில் வைத்து, அதன் வழியாகவே 'ஊ' என்று மத்தியிலிருந்து மந்தர (கீழ்) ஸ்தாயி வரை மெல்ல வழுக்கி இறங்குங்கள். குழலின் எதிரழுத்தம் நாண்கள் மோதும் வேகத்தைக் குறைக்கிறது. இங்கோ டிட்ஸே என்னும் அமெரிக்கக் குரலியல் அறிஞர் வழியாக உலகெங்கும் பரவிய பயிற்சி இது. நிகழ்ச்சிக்கு முன்பும் இதையே செய்யலாம். விடியற்காலை மந்தர சாதகம் செய்து பழகியவர்களுக்கு இந்த நிதானம் புதிதாகத் தோன்றாது.

தொண்டை வறள்கிறது, அடிக்கடி கனைக்க வேண்டியிருக்கிறது

குடிக்கும் நீர் குரல் நாண்களின் மேல் படுவதே இல்லை, பட்டால் புரையேறும். நீர் உடம்பில் சேர்ந்து, அதன் பிறகே நாண்களின் சளிப்படலத்தை ஈரமாக்குகிறது என்பதால், மேடை ஏறும்போது குடிக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் முதல் பாடலுக்கு உதவாது. காலையிலிருந்தே குடித்து வந்திருக்க வேண்டும். உடனடி ஈரத்துக்கு ஆவி பிடிப்பதே வழி. குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் விழுகிறதா, மேடைப் புகை எந்திரம் அருகில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் திருப்பச் சொல்லுங்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் பலவும் தொண்டையை உலர்த்துபவை.

மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல். இவை தொண்டைக்கு இதமளிப்பவை, எச்சிலை ஊறவைப்பவை; அந்த அளவில் நல்லவை. வீங்கிய நாணை இவை இறக்குவதில்லை. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக மென்றால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மெந்தால் மிட்டாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அவை எரிச்சலை மரக்கச் செய்வதால், நிறுத்த வேண்டிய நேரத்தில் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை காதில் விழாமல் போகும். கனைப்பு வரும்போது கனைக்காமல், ஒரு மிடறு நீரை விழுங்குங்கள், அல்லது ஓசையில்லாமல் காற்றை ஊதிவிட்டு விழுங்குங்கள்; கனைப்பது நாண்களை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளச் செய்வதால் அடுத்த கனைப்புக்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

வறட்சியும் கரகரப்பும் காலையில் எழும்போதே இருந்து, பகல் ஏற ஏறக் குறைந்தால், இரவுச் சாப்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு வயிற்று அமிலம் குரல்வளை வரை ஏறி வரும். நெஞ்செரிச்சல் இல்லாமலும் வரும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட முடியாதென்றால், மேடை ஏறுவதற்கு முன் மாலையிலேயே வயிறாரச் சாப்பிட்டு, பிறகு இரவில் இட்லி போல இலகுவானதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு, தொடர்ந்து பாடச் சொல்கிறார்கள்

மொட்டை மாடி உணவகங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் பாடுபவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்திருப்பார்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அரங்கம், விருந்துக்கூடம் போன்ற மூடிய இடங்களைத் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது. விதி ஒலிபெருக்கியை மட்டுமே தடுக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கூட்டம் கலையாமலிருக்க மைக் இல்லாமல் பாடும்படி கேட்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு மணி நேரம் பாடிக் களைத்த குரல், அதே இரைச்சலை எந்தத் துணையும் இல்லாமல் எதிர்கொள்ளும் வேளை இது.

ஒப்புக்கொள்வதானால் நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மூலைச்சுவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள், ஒலி சிதறாமல் முன்னோக்கி வரும். கேட்க விரும்புபவர்களை நாற்காலியோடு உங்களைச் சுற்றி வந்து உட்காரச் சொல்லுங்கள். மத்திய ஸ்தாயியைத் தாண்டாத பாடல்களை மட்டும் கிட்டார் இல்லாமல் எடுத்து, பல்லவியைக் கூட்டத்திடம் விட்டுவிடுங்கள். இவற்றுக்கு இடமில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே, பாடும் நேரம் மைக் அணைக்கப்படும் நேரத்தோடு முடியும் என்பதையும், மானிட்டர் யார் கொண்டுவருவது என்பதையும் கைப்பேசிச் செய்தியாக எழுதி அனுப்பி, மேலாளரின் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.